மின்னஞ்சல் முகவரி மாற்றெழுத்தும் கலைச்சொற் சிக்கலும்

1. முன்னுரை

கணிப்பொறி நூல்களைத் தமிழாக்குவோர், அஞ்சல் வழங்கிகளைப் பற்றிய பகுதிகளில் இரு கருத்துகளை எதிர்கொள்கின்றனர். ஒன்று, பிற களத்திற்குரிய அஞ்சலை இடையிலுள்ள வழங்கி பெற்று அடுத்த வழங்கியிடம் சேர்ப்பிக்கும் ‘ரிலே’. மற்றொன்று, முகவரியை விதிகளின்படி வேறு வடிவாக்கும் மாற்றெழுத்து. இவற்றின் இயல்பையும், பெயர்ப்பதில் எழும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. மாற்றெழுத்து விதிகள்

எரிக் ஆல்மன் பெர்க்லியில் உருவாக்கிய ‘சென்ட்மெயில்’ 1980களில் பரவியபோது முகவரிகள் ஒரே இலக்கணத்திற்கு உட்பட்டிருக்கவில்லை. சில வலைகளில் ‘க!ச’ என்பது ‘க’ என்னும் பொறியிலுள்ள ‘ச’ என்பவரைக் குறித்தது. வேறு சிலவற்றில் ‘ச@ட’ என்பது ‘ட’ என்னும் பொறியிலுள்ள ‘ச’ என்பவரைக் குறித்தது. இரண்டும் கலந்து ‘க!ச@ட’ என வருமாயின் அஞ்சல் முதலில் செல்வது ‘க’விற்கா, ‘ட’விற்கா? 1986இல் வெளியான ஆர்எஃப்சி 976 என்னும் ஆவணம் ‘@’ குறிக்கு முதன்மை தந்து இவ்விரட்டுறலை நீக்கியது.

சென்ட்மெயில் விதி ஒவ்வொன்றும் இடப்பக்கம் ஓர் அமைப்பையும் வலப்பக்கம் அதன் மாற்றையும் கொண்டது. ஒரு விதியின் விளைவு அடுத்த விதிக்கு உள்ளீடாகும். எனவே பொதுவிதி முன்னும் சிறப்புவிதி பின்னும் நிற்பின் சிறப்புவிதிக்கு இடமில்லாமற் போகலாம். விதிவரிசை ஒலியனியலுக்குப் புதிதன்று.

‘மலர்@நூலகம்.கழகம்’ என்பதை ‘மலர்@கழகம்’ எனச் சுருக்கும் விதியை எடுத்துக்கொள்ளலாம். உள்ளமைப்பு மறைகிறது, முகவரி எளிதாகிறது. ஆயின் ‘மலர்@அச்சகம்.கழகம்’ என வேறொருவர் இருப்பின் அவரது முகவரியும் ‘மலர்@கழகம்’ என்றே ஆகும். வேறுபாடு நடுநிலைப்பட்டு, ஒருவருக்குரிய மறுமொழி மற்றவரிடம் சேரும். ஒவ்வொரு பொறியிலும் ஒரே பெயருடன் இருக்கும் தலைமைப் பயனரை இவ்விதியிலிருந்து விலக்கும் வழக்கம் இதனால் எழுந்தது.

3. ரிலேயும் திசைமாற்றமும்

ரிலேயில் பெறுநர் முகவரி மாறுவதில்லை, சுமப்பவரே மாறுகிறார். திசைமாற்றத்தில் பெறுநர் முகவரியே வேறாகிறது. இரண்டையும் ‘முன்னனுப்புதல்’ எனப் பெயர்க்கும் கையேடு வழங்கியை அமைப்பவரை இடர்ப்படுத்தும். ரிலேக்கான களப்பட்டியல், எக்களங்களுக்குரிய அஞ்சலை வழங்கி பிறரிடமிருந்து ஏற்றுச் சுமக்கலாம் என வரையறுப்பது. இதனைத் திசைமாற்றப் பட்டியலெனக் கருதி எல்லாக் களங்களுக்கும் இசைவளித்தால், அயலார் அவ்வழங்கி வழியே யாருக்கும் குப்பை அஞ்சல் அனுப்ப இயலும். பிற வழங்கிகள் அதன் அஞ்சலை மறுக்கத் தொடங்கும். 1998இல் வெளியான சென்ட்மெயில் 8.9, வெளிப்படையான இசைவு இல்லாத ரிலேயைத் தொடக்கநிலையிலேயே மறுக்கும்படி அமைக்கப்பட்டது.

4. கலைச்சொல்

‘அஞ்சலோட்டம்’ என்பதில் ‘அஞ்சல்’ கைமாற்றிச் செல்வதையே குறிக்கிறது. அச்சொல்லே தபாலுக்கும் நிலைத்துவிட்டமையால் ‘மெயில் ரிலே’ என்பதை ‘அஞ்சல் அஞ்சல்’ எனல் பொருந்தாது. ரிலேக்குக் ‘கைமாற்று’ என்பதோ, கடன் என்னும் வழக்குப் பொருளால் மயக்கம் தரும். ‘இடைச்சுமப்பு’ எனின் சுமப்பவர் இடையில் நிற்பதும் முகவரி மாறாமையும் தெளிவாகும். முகவரி மாறுவதற்குத் ‘திசைமாற்றம்’ தனித்து நிற்கும். சொல்லின் அழகினும் இவ்வேறுபாட்டைக் காப்பதே மொழிபெயர்ப்பாளரின் முதற்கடன் எனலாம்.