டால்பின் பெட்டி கார் கதவைத் திறக்குமா?

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி. சின்னத் திரையில் ஒரு டால்பின் எட்டிப் பார்க்கும். பிளிப்பர் ஜீரோ என்ற இந்தக் கருவிக்கு 2020-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் 48 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. டிவி ரிமோட் தொலைந்தால் கைகொடுக்கும். நாயின் தோலுக்கடியில் பொதித்த சிப்பின் எண்ணையும் படித்துச் சொல்லும்.

கார் கதவைத் திறக்குமா என்பதுதான் எல்லாரும் கேட்பது. பழைய கேட் ரிமோட் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டைத்தான் ரேடியோ அலையில் அனுப்பும். அதை இந்தப் பெட்டி ஒருமுறை பதிந்துகொண்டு கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொன்னால் போதும், கேட் திறந்துவிடும். கார் ரிமோட் பெரும்பாலும் அப்படி ஏமாறாது. சாவியும் காரும் ஒரு ரகசிய எண்ணையும் ஒரு கணக்கையும் பகிர்ந்து வைத்திருக்கின்றன. பொத்தானை அழுத்த அழுத்தக் கணக்கு ஏறும், குறியீடு மாறும். பயன்படுத்திய குறியீட்டைக் கார் மதிக்காது. குழந்தை சாவியை வைத்துச் சும்மா நாலு தரம் அழுத்தினால்? அடுத்து வரக்கூடிய சில குறியீடுகளையும் கார் ஏற்கும், அதனால் பாதகமில்லை.

ஆனால் காரை எட்டாத குறியீடு அப்படியே உயிரோடு இருக்கும். 2015-இல் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி காம்கார் காட்டிய ரோல்ஜாம் என்ற கருவி அங்கேதான் நுழைந்தது: அலையைக் குழப்பிக்கொண்டே இரண்டு குறியீடுகளைப் பிடித்து, முதலாவதைக் காருக்குக் கொடுத்து, இரண்டாவதைப் பதுக்கிக்கொண்டது.

2024 பிப்ரவரியில் கார் திருட்டைக் காட்டி, பிளிப்பர் போன்ற கருவிகளைத் தடை செய்யப்போவதாகக் கனடா அரசு அறிவித்தது. அவசரம்தான். சாவியைக் கையில் எடுக்காமலே திறக்கும் கார்களைத் திருட உதவுவது வேறொரு ஜோடிக் கருவி. வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் அலையை வாசல்வரை நீட்டிவிடும். டால்பின் பெட்டிக்கு அந்த வித்தை தெரியாது.