அம்மாவுக்கும் சேர்த்து ஒரு போர்டு!

திற்பரப்புக்கு ஃபேமிலியோட போயிருக்கீங்களா மக்கா? சீன் எப்படி இருக்கும்னு நாங்க சொல்லவா? வேன் நின்னதும் நீங்களும் தம்பியும் அருவிக்கு ஓடிடுவீங்க. அப்பா துண்டும் எண்ணெயுமா பின்னாலேயே வருவார். அம்மா? கரையில உட்கார்ந்து எல்லாருடைய செல்போனுக்கும் செருப்புக்கும் காவல்! அருவிக்கு மேலே, தடுப்பணைத் தண்ணியில படகு சவாரி போகலாம்னு கூப்பிட்டாலும், 'நீங்க போயிட்டு வாங்க, எனக்குத் தலை சுத்தும்'னு ஒதுங்கிடுவாங்க.

அந்த அம்மாவை மனசுல வச்சுக்கிட்டு இதைப் படிங்க. ஏன்னா, இன்னிக்கு நாம பேசப்போறது ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டு பத்தி. அகலமான ஒரு மிதவைப் பலகை, நீளமான ஒரு துடுப்பு. நின்னுக்கிட்டே துழாவிப் போகணும். அவ்வளவுதான் மேட்டர். ஹவாய் தீவிலிருந்து கிளம்பி, 2000-க்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவின விளையாட்டு இது. 2024 மார்ச்சில் மங்களூருவில் சர்வதேசப் போட்டியே நடந்தது. நம்ம தமிழ்நாட்டு சேகர் பச்சை இந்த விளையாட்டில் இந்தியாவின் முன்னணி வீரர்களில் ஒருத்தர்.

ஆனா, மரத்து மேல நின்னு துடுப்புப் போடுறது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? குளச்சல், முட்டம் பக்கத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையா கட்டுமரத்துல அலையைத் தாண்டினவங்க. இங்கிலீஷ்ல 'கேட்டமரான்'னு சொல்றாங்களே, அந்த வார்த்தையே நம்ம கட்டுமரம்தான்!

சரி, வீட்டுக்கு ஒரு போர்டு வாங்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்க. கடையில எதைப் பார்க்கணும்? ரூல் ஒண்ணே ஒண்ணு: வீட்ல ரொம்ப தைரியசாலி யாரோ, அவருக்காக வாங்காதீங்க. ரொம்பப் பயப்படுறது யாரோ, அவங்களுக்காக வாங்குங்க. எப்படின்னு பார்ப்போம்.

அகலம் முக்கியம் அமைச்சரே!

கூர் மூக்கு வச்சு ஒல்லியா, ஸ்டைலா ஒரு போர்டு உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கும். அது ரேஸ் போர்டு. வேகம் ஜாஸ்தி, ஆட்டமும் ஜாஸ்தி. அம்மா ஏறின அடுத்த செகண்டு தண்ணிக்குள்ள! அப்புறம் ஜென்மத்துக்கும் பக்கத்துல வர மாட்டாங்க. குடும்பத்துக்கு 32 முதல் 34 அங்குல அகலம், 10 முதல் 11 அடி நீளம், உருண்டை மூக்கு. இதுதான் சரி. மேல்பக்கம் வழுக்காத மெத்தை விரிப்பு முன்பக்கம் வரைக்கும் இருக்கான்னு பாருங்க. தம்பி உட்காரப் போறது அங்கேதான். அடியில மீன் செட்டை மாதிரி இருக்கிற ஃபின், போர்டை நேரா ஓடவைக்கும். கழற்றி மாட்டுற மாதிரி இருந்தா எடுத்துட்டுப் போக ஈஸி.

ஆர்க்கிமிடிஸ் தாத்தா சொன்ன கணக்கு

ஸ்கூல் பிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? ஒரு லிட்டர் தண்ணியை விலக்கினா, ஒரு கிலோ எடையைத் தாங்கும். 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குல தடிமன் உள்ள ஒரு போர்டை எடுத்துப்போம். சென்டிமீட்டர்ல 320, 81, 15. பெருக்கினா கிட்டத்தட்ட 389 லிட்டர். முனைகள் வளைஞ்சு குறுகுறதால நிஜத்துல சுமார் 300 லிட்டர் தேறும்.

அப்படின்னா 300 கிலோ ஏத்தலாமா? ஏத்தலாம், போர்டு முழுக்க மூழ்கித் தண்ணி உங்க கணுக்காலை நனைக்கும்! ஆடாம நிக்கணும்னா பாதிக்கு மேல போகாதீங்க. 80 கிலோ அப்பாவும் 35 கிலோ தம்பியும் சேர்ந்தா 115. தாராளம். 60 கிலோ அம்மாவும் தம்பியும்னா இன்னும் ஜாலி. அப்பா, நீங்க, தம்பி மூணு பேருமா ஏறினா... வேண்டாமே! போர்டு மேல போட்டிருக்கிற அதிகபட்ச எடையைப் பார்த்ததும், 'ஓஹோ, இவ்வளவு ஏத்தலாம் போல'ன்னு நினைக்கக் கூடாது. அதுக்கு நல்லாவே கீழே நிக்கணும்.

காத்தா... கெட்டியா?

ஃபைபர், எபாக்ஸியில் செஞ்ச கெட்டி போர்டு தண்ணியில சர்ருன்னு போகும். ஆனா 10 அடிப் பலகையை எங்கே வைப்பீங்க? மொட்டை மாடியிலயா? பஸ்ல ஏத்த முடியுமா? காத்தடிக்கிற போர்டுன்னா சுருட்டி முதுகுப்பையில போட்டுக்கலாம். எடையும் பெரும்பாலும் 8 முதல் 12 கிலோதான்.

'காத்தடிச்சா பலூன் மாதிரி வளையாதா?'ன்னு அப்பா கேட்பார். பதில் சொல்லத் தயாரா இருங்க. மேல் துணியையும் கீழ் துணியையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடிச்சிருக்கும். 12 முதல் 15 பி.எஸ்.ஐ. காத்து ஏறினா பலகை மாதிரி விறைப்பா நிக்கும். கார் டயர்ல பாதி அழுத்தம். கைப்பம்புல அடிச்சா பத்து நிமிஷம் வியர்க்கும். அதுக்குத்தான் தம்பி இருக்கானே! காத்து குறைச்சலா இருந்தா நடுவுல தொய்யும், பேலன்ஸ் போகும். அதனால பம்புல அழுத்த மீட்டர் கட்டாயம். ஊத்தின போர்டை உச்சி வெயில்ல போட்டுட்டு சாப்பிடப் போயிடாதீங்க. சூட்டுல காத்து விரிஞ்சு தையல் விட்டுடும்.

துடுப்பு ஒண்ணு, ஆள் நாலு

துடுப்பு உங்க உயரத்தை விட 20 முதல் 25 செ.மீ. அதிகமா இருக்கணும். 155 செ.மீ. அம்மாவுக்கு 175-லிருந்து 180 வரை, 175 செ.மீ. அப்பாவுக்கு 195-லிருந்து 200 வரை. அதனால நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற துடுப்பா வாங்கிட்டா ஒண்ணே போதும். தண்ணியில விழுந்தா மிதக்குமான்னு கேட்டு வாங்குங்க. இன்னொரு ரகசியம்... துடுப்பு இலை உடம்பைப் பார்த்து இல்லாம, முன்பக்கம் சாய்ஞ்சிருக்கணும். புதுசா வர்றவங்கள்ல நிறைய பேர் இதைத் தலைகீழாத்தான் பிடிப்பாங்க!

இப்போ கொஞ்சம் சீரியஸ்

போர்டு வாங்கியாச்சு. எங்கே போடுறது? திற்பரப்பு அருவி சுமார் 50 அடி உயரம். அதுக்கு மேலே கால் கிலோமீட்டருக்கு ஒரே பாறை. அதுக்கும் மேலே, வயலுக்குத் தண்ணி திருப்புற தடுப்பணை. அதுக்குப் பின்னாடி தேங்கி நிக்கிற தண்ணி, கண்ணாடி மாதிரி அமைதியா இருக்கும். பார்த்ததும் ஆசை வரும். ஆனா கோதையாறு பேச்சிப்பாறை அணையைத் தாண்டி வர்ற ஆறு. மழைக்காலத்துல அணையைத் திறந்தா, இங்கே அருவியில குளிக்கவே தடை போடுவாங்க. அப்போ தடுப்பணையில தண்ணி எப்படி இழுக்கும்னு யோசிங்க.

2021 அக்டோபர் 30. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட்னு ஒரு ஊர். மழையில் பெருகி ஓடின ஆத்துல ஒரு குழு பேடில் போர்டுல கிளம்பினாங்க. வழியில ஒரு தடுப்பணை. அதைத் தாண்டி விழுந்ததில் நாலு பேர் இறந்துட்டாங்க. கூட்டிப்போனவருக்கு 2025-ல் பத்தரை வருஷம் ஜெயில். அது பெரிய அருவி கூட கிடையாது. தடுப்பணைக்குக் கீழே விழுற தண்ணி திரும்பத் திரும்ப உள்ளேயே சுழலும். சிக்கின ஆளை வெளியே விடாது. நீச்சல் தெரிஞ்சவரையும்தான்.

அதனால ஆத்துல இதைச் செய்யணும்னா: தண்ணி ஓடுற நாளில் இறங்கவே கூடாது. தண்ணி நின்ன நாளிலும் படகுத்துறைக்காரங்க கிட்டே அனுமதி கேட்காம போர்டைப் பிரிக்கக் கூடாது. தடுப்பணை பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். போர்டையும் உங்களையும் இணைக்கிற கயிறு, அதாவது லீஷ், தேங்கின தண்ணியில கணுக்காலில் கட்டலாம். ஓடுற தண்ணியில அது கல்லிலோ மரக்கிளையிலோ சிக்கினா, குனிஞ்சு அவிழ்க்க முடியாது. அங்கே இடுப்புல கட்டி, ஒரே இழுப்புல கழற்றுற வகைதான் வேணும். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும், அவங்கவங்க அளவுல. அப்பாவோட ஜாக்கெட்டைத் தம்பிக்கு மாட்டினா, தம்பி கீழே நழுவிடுவான், ஜாக்கெட் மட்டும் மிதக்கும்.

முதல்ல வாடகை, அப்புறம் வாங்கலாம்

ஒரு தடவை கூட ஏறிப் பார்க்காம காசைப் போடாதீங்க. சென்னை பக்கம் போறப்போ கோவளத்தில் இறங்குங்க. நம்ம கன்னியாகுமரி கோவளம் இல்லீங்க, கிழக்குக் கடற்கரைச் சாலை கோவளம்! மீனவர் மூர்த்தி மேகவன் ஆரம்பிச்ச சர்ஃபிங் பள்ளி அங்கே இருக்கு. அந்தப் பக்கமும் மாமல்லபுரம் பக்கமும் பேடில் போர்டு சொல்லித்தர்றவங்க இருக்காங்க. ஒரு மணி நேரம் முழுக் குடும்பமும் மாத்தி மாத்தி ஏறுங்க. எந்த அகலத்துல அம்மா சிரிக்கிறாங்களோ, அந்த அளவைக் குறிச்சுக்கிட்டு வந்து வாங்குங்க.

முதல் நாள் யாரும் நிக்க வேண்டாம். முட்டி போட்டே துழாவுங்க. காத்தை எதிர்த்துக் கிளம்புங்க, களைச்சுத் திரும்பும்போது காத்தே கொண்டுவந்து சேர்க்கும். உடம்புக்குப் பழகினதும், போர்டோட நடுவுல இருக்கிற கைப்பிடிக்கு ரெண்டு பக்கமும் கால் வச்சு மெல்ல எழும்பலாம். கீழே பார்க்காம தூரத்துல ஒரு தென்னை மரத்தைப் பாருங்க, ஆட்டம் நின்னுடும்.

அம்மா எழும்பி நிக்கிற அன்னிக்கு, கரையில செல்போனையும் செருப்பையும் பார்த்துக்க ஒரு ஆள் வேணுமே? அது நீங்கதான் மக்கா!