மருந்தைத் தின்ற வயல்

புகையான் விழுந்த நெல்வயல் தீய்ந்தாற்போல் திட்டுத்திட்டாகக் காயும். பிலிப்பைன்சின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தப் பூச்சிக்காக, தேங்கிய தண்ணீரில் டயசினான் என்ற பூச்சிமருந்தைப் போட்டுவந்தார்கள். முதலில் நன்றாகக் கேட்டது. திரும்பத் திரும்பப் போட்ட வயல்களில் மட்டும் மருந்து எடுபடவில்லை. பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். என். சேதுநாதனும் எம்.டி. பதக்கும் 1972இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது: வயலில் இருந்த நுண்ணுயிர்கள் டயசினானை மளமளவென்று சிதைத்துவிடுகின்றன.

அடுத்த ஆண்டு சேதுநாதனும் டி. யோஷிடாவும் டயசினான் போட்ட வயல்நீரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, ஃபிளேவோபாக்டீரியம் இனம் என்றார்கள். (பின்னாளில் ஸ்பிங்கோபியம் என்று மாற்றிவிட்டார்கள், பெயர் மாற்றுவதில் நுண்ணுயிரியலாளர்களுக்குச் சலிப்பே கிடையாது.) உப்புக் கரைசலில் டயசினானைத் தவிர வேறு தீனி இல்லாமல் விட்டாலும் அது பெருகியது.

அதன் நொதி செய்வது ஒரே ஒரு வெட்டு. நொதியின் குழிவுக்குள் இரண்டு உலோக அயனிகள், வழக்கமாகத் துத்தநாகம். அவை தண்ணீரைக் கொண்டு மருந்தின் பாஸ்பரஸ் அணுவைத் தாக்குகின்றன. பக்கத்துப் பிணைப்பு அறுகிறது. அது அறுந்துவிட்டால் நரம்பை முடக்கும் வேலை நடக்காது.

பாரத்தியான் என்ற இன்னொரு பூச்சிமருந்தைக் கொடுத்தால் இந்த வெட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். திரவம் மஞ்சளாகும். அந்த மஞ்சள், நைட்ரோஃபீனால். அதை இந்த பாக்டீரியா தொடுவதில்லை. பாரத்தியான் அளவுக்கு இல்லை என்றாலும் அதுவும் நஞ்சுதான்; அதைத் தின்ன வேறு பாக்டீரியா வரவேண்டும். 'நஞ்சைத் தின்னும் பாக்டீரியா' என்று செய்தி வரும்போதெல்லாம், மிச்சம் என்ன என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

இன்னொரு வியப்பு: அமெரிக்காவில் கிடைத்த வேறொரு பாக்டீரியாவிலும் இந்த வெட்டுக்கான மரபணு ஏறக்குறைய எழுத்து மாறாமல் இருந்தது. இரண்டிலும் அது பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கிறது. பாக்டீரியாக்கள் இப்படிப்பட்ட வளையங்களைக் கைமாற்றிக்கொள்ளும்.

குடுவையில் சூரப்புலியாக இருக்கும் பாக்டீரியா, வெளி மண்ணில் விட்டால் உள்ளூர் நுண்ணுயிர்களோடு போட்டிபோட முடியாமல் அடங்கிப்போவதுண்டு. ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் அதனால் நொதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்நாட்டு மண்ணில் கிடைத்த அக்ரோபாக்டீரியத்தின் நொதி அது. 'லேண்ட்கார்ட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அங்கே பேன் போகச் செம்மறிகளை மருந்துத் தொட்டியில் முக்கியெடுப்பார்கள். முன்பு அந்த மருந்திலும் டயசினான் இருந்தது. ஆடுகள் ஏறிய பிறகு தொட்டியில் நின்ற தண்ணீரில் நொதியைக் கலக்கிவிட்டார்கள். நொதி குட்டிபோடாது, ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.