ஆறு பஸ் வந்தது, ஆனால் பஸ்ஸே வரவில்லை!

கண்ணுகளா! ஒரு புதிர் போடட்டுமா?

ஒரே பஸ் ஸ்டாப். ஒரே காலை நேரம். அங்கே நிற்பவர்கள், "பஸ்ஸே வர்றதில்லீங்க" என்கிறார்கள். பஸ் விடுகிறவர்களைக் கேட்டால், "மணிக்கு ஆறு பஸ் ஓட்டுகிறோமே" என்கிறார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை! அது எப்படி?

விடையைக் கடைசியில் தலைகீழாக அச்சடிக்கப் போவதில்லை. நாமே கண்டுபிடிப்போம்.

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வீடு கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில். 'ஆர்.எஸ்.' என்றால் இரத்தினசபாபதி. நகரசபைத் தலைவராக இருந்தவர். சிறுவாணித் தண்ணீர் கோவைக்கு வரப் பாடுபட்டவர். இப்போது அந்தத் தண்ணீரைக் குடிக்கிற பலருக்கே இது தெரியாது. போகட்டும், நம் கதைக்கு வருவோம்.

போன மாதம் எனக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். மூன்று நாள் காலை, நின்றவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "நம்ம ஊர் பஸ் நல்லா இருக்குதுங்களா?"

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று அரசு பஸ். 1972ல் சேரன் போக்குவரத்துக் கழகம் என்று தொடங்கியது. 1997ல் அதன் பெயர் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று மாறிவிட்டது. ஆனாலும், என் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் 'சேரன் பஸ்'தான்! இன்னொரு வகை, தனியார் பஸ். அது அதைவிடப் பழைய கதை. அவிநாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த நீளமான மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள் அல்லவா? அவரை விஞ்ஞானி என்று படித்திருப்பீர்கள். அவர் 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித்தான் தொழிலைத் தொடங்கினார்! பிறகு அது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

சரி, என் நோட்டைத் திறக்கிறேன்.

முதலில் பேசியது ஓர் அம்மா. தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டம். எங்கள் உழவர் சந்தையில் கீரை விற்றுவிட்டு, காலிக் கூடைகளோடு நின்றிருந்தார். "ஏனுங்க வாத்தியாரே, காத்தால முதல் பஸ்ஸு நேரத்துக்கு வந்துட்டா அது நல்ல பஸ்ஸுங்க. வராட்டி கீரை வாடிப் போயிருமுங்க. வாடுன கீரைய ஆரு வாங்குவாங்க?" என்றார்.

"டிக்கெட் செலவு எப்படி அம்மிணி?" என்றேன்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் இல்லை. தனியார் பஸ்ஸில் அது கிடையாது. அந்த அம்மா சிரித்தார். "கையில காசில்லாட்டியும் ஊடு போய்ச் சேந்தரலாமுங்க. ஆனா, அந்த பஸ்ஸுக்காக ரெண்டு பஸ்ஸ விட்டுப்போட்டு நிக்கோணும். நின்ன நேரத்துக்கு ஆரு காசு குடுப்பாங்க?"

அடுத்தது ஒரு கல்லூரி மாணவர். தனியார் பஸ்தான் அவருக்குப் பிடிக்குமாம். "வேகமா போவாங்க சார். புதுப் பாட்டா போடுவாங்க" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முகத்தைச் சுளித்தார். "அந்தப் பாட்டுச் சத்தத்துல கண்டக்டர் ஸ்டாப் பேரைச் சொல்றதே காதுல விழறதில்லீங்க. வேகத்துல நான் கம்பியை விட்டுட்டா என்னை ஆரு புடிக்கறது?" பார்த்தீர்களா? அதே பஸ். அதே பாட்டு. ஒருவருக்கு இனிப்பு, ஒருவருக்குக் கசப்பு!

நானும் ஒரு பயணிதானே? என் கருத்தையும் எழுதிக்கொண்டேன். ஒருநாள் ஒரு பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ரொம்ப தூரம் போய் நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் தொடுவதற்குள் 'ரைட்' சொல்லி விசில் ஊதிவிட்டார்கள். எந்த பஸ் என்று சொல்லமாட்டேன். ஆனால், அன்று முழுக்க எனக்குக் கோபம் ஆறவில்லை.

இந்த நோட்டிலேயே சிறந்த கருத்தைச் சொன்னது யார் தெரியுமா? ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். அவள் கருத்துச் சொல்லவில்லை. கேள்வி கேட்டாள்.

"தாத்தா, ரொம்ப நேரம் பஸ்ஸே வர்றதில்லை. அப்புறம் ரெண்டு பஸ் ஒண்ணா வருது. முன்னால வர்றதுல நிக்கக்கூட இடமில்லை. பின்னால வர்றது காலியா வருது. ஏன்?"

அடடா! முப்பது வருடத்துக்கு மேல் பஸ்ஸில் போன எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றவில்லையே!

யோசித்துப் பாருங்கள். பத்து பத்து நிமிட இடைவெளியில் இரண்டு பஸ் கிளம்புகின்றன. முதல் பஸ் ஒரு சிக்னலில் மாட்டி மூன்று நிமிடம் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்துவிடும். அத்தனை பேரும் ஏறி, டிக்கெட் வாங்கி முடிக்க இன்னும் தாமதம். அதனால், அதற்கடுத்த ஸ்டாப்பில் இன்னும் பெரிய கூட்டம்! பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ ஏற ஆளே இல்லை. அது நிற்காமல் ஓடிவந்து முன்னால் போவதைப் பிடித்துவிடும். டிரைவர் மேல் தப்பே இல்லாவிட்டாலும் இப்படி நடக்கும். உலகத்தில் எந்த ஊரிலும் நடக்கும். போதாக்குறைக்கு, எங்கள் ஊரில் 'டைமிங்' சண்டை வேறு உண்டு. முன்னால் போகிற பஸ்ஸின் கூட்டத்தையும் அள்ள ஒரு பஸ் விரட்டும். கூட்டம் சேரட்டும் என்று இன்னொரு பஸ் உருட்டும்.

இப்போது பென்சிலை எடுங்கள். மணிக்கு ஆறு பஸ். சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால், ஸ்டாப்புக்கு வருகிறவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். சிலர் வந்ததும் ஏறுவார்கள், சிலர் பத்து நிமிடம் நிற்பார்கள். சராசரி ஐந்து.

அதே ஆறு பஸ் இப்படி வந்தால்? 8.00, 8.02, 8.20, 8.22, 8.40, 8.42. இரண்டு நிமிட இடைவெளி, பிறகு 18 நிமிட இடைவெளி, மறுபடி இரண்டு, மறுபடி 18. ஒவ்வொரு இருபது நிமிடத்திலும் பத்துப் பேர் ஆளுக்கொரு நேரத்தில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குட்டி இரண்டு நிமிடத்தில் வந்து நிற்பவர் ஒருவர்தான். மீதி ஒன்பது பேரும் 18 நிமிடப் பள்ளத்தில் விழுகிறார்கள்! அவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் நிற்கிறார்கள். கெட்டிக்காரக் குழந்தைகள் பத்துப் பேருக்கும் சராசரி போட்டுப் பாருங்கள்: 8.2 நிமிடம் வரும்.

பஸ் ஒன்றுகூடக் குறையவில்லை. டீசல் குறையவில்லை. ஆனால், பத்தில் ஒன்பது பேர், "பஸ்ஸே வர்றதில்லீங்க" என்பார்கள். அலுவலகக் கணக்கில் ஆறு பஸ் ஓடியிருக்கும். புதிர் அவிழ்ந்ததா?

லண்டனில் இதை அளக்கிறார்கள். அடிக்கடி பஸ் வரும் தடங்களில், 'எத்தனை பஸ் ஓடியது' என்பதோடு நிற்பதில்லை. பஸ்கள் ஒழுங்காக வந்திருந்தால் பயணி எவ்வளவு நேரம் நின்றிருப்பார், உண்மையில் எவ்வளவு கூடுதலாக நின்றார் என்று கணக்கிடுகிறார்கள். அங்கே பஸ் ஓட்டும் தனியார் கம்பெனிகளுக்குக் கிடைக்கும் பணமும் அதைப் பொறுத்துக் கூடும், குறையும். அப்படியானால், முன்னால் போகிற பஸ்ஸை விரட்டிப் பிடிப்பதில் அவர்களுக்கு லாபம் இல்லை. இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். நான்காம் நாள் என் தப்பு எனக்கே தெரிந்தது.

எங்கள் வீதியில் ஒரு பாட்டி இருக்கிறார். முன்பெல்லாம் மருதமலைக்கு பஸ்ஸில் போய் வருவார். அவரிடம் பெருமையாக நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னைய ஒண்ணும் கேக்கலீங்களே?" என்றார்.

"நீங்க பஸ் ஸ்டாப்புக்கு வரலீங்களே பாட்டி!"

"வந்து நாலு வருசம் ஆச்சுங்க. பஸ்ஸு நல்லாத்தான் இருக்கும். படிதான் உசரம். முட்டி மடங்கறதில்லை. ஏர்றதுக்குள்ள விசில் ஊதிருவாங்களோன்னு பயம் வேற. ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா ஆட்டோ. கோயிலுக்குப் போறத உட்டுட்டேன்."

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. மூன்று நாளும் நான் கேட்டது பஸ்ஸில் ஏற முடிந்தவர்களை மட்டும்தானே! முட்டி வலிக்காரர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், காத்திருந்து அலுத்துப்போய்க் கடன் வாங்கி ஸ்கூட்டர் எடுத்தவர்கள், ஒருவர்கூட என் நோட்டில் இல்லை. அவர்கள்தான் பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்லக்கூடியவர்கள். ஆனால், ஸ்டாப்பில் இருக்கமாட்டார்கள்!

படி உயரத்துக்கு வழி இல்லாமல் இல்லை. சென்னையில் 2024ல் தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. ஸ்டாப்பில் நின்றதும் ஒட்டகம் மாதிரி பக்கவாட்டில் கொஞ்சம் தாழும். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளமும் உண்டு. பாட்டியிடம் இதைச் சொன்னேன். "நெசமாலுமா? பஸ்ஸு குனியுமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அந்த ஏழாம் வகுப்புப் பெண் இப்போது தினமும் பஸ் வரும் நேரத்தைக் குறித்து வருகிறாள். நீங்களும் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, ஸ்டாப்பில் பத்திரமாக உள்ளே தள்ளி நின்று, ஒரு மணி நேரம் குறித்துப் பாருங்கள். ஒரே ஊருக்குப் போகும் பஸ்களை மட்டும் எழுதுங்கள், இல்லாவிட்டால் கணக்கு குழம்பிவிடும். வரும் சனிக்கிழமை அவள் நோட்டோடு வருகிறாள். சராசரி போட்டு முடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஸ்டாப்புக்குப் போகப் போவதில்லை. எங்கள் வீதியில் வீடு வீடாகப் போகப் போகிறோம்.