முள் பச்சையில இருக்கு, சிலிண்டர் வேலை செய்யுமா? உப்புக் காத்தும் பெட்ரோல் பங்க் சோதனையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த ‘அப்புறம்’, ‘ஆக்சுவலி’ எல்லாம் வெட்டியாச்சு. மத்தபடி பேசினது பேசினபடியே இருக்கு.)

சென்னையிலிருந்து இசிஆர்ல பாண்டிச்சேரி போற யாருக்கும் மரக்காணம் தெரியாம இருக்காது. மகாபலிபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம் தாண்டினா ரோட்டோரத்துல வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். வண்டியை நிறுத்தி நாலு போட்டோ எடுப்போம். வழியில ஏதோ ஒரு பங்க்ல பெட்ரோல் போட்டுட்டு கிளம்பிடுவோம். இன்னைக்கு அந்த ரெண்டையும் சேர்த்துப் பேசப்போறேன். உப்புக் காத்து அடிக்கிற கடற்கரையில, ஒரு பெட்ரோல் பங்க்கோட தீ பாதுகாப்பை எப்படிச் சோதிக்கணும்?

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். எரியறது பெட்ரோல் திரவம் இல்ல, அதிலிருந்து கிளம்புற ஆவி. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். நம்ம ஊர் வெயில்ல கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம். அதனால மேல போகாம தரையோட தவழ்ந்து, பள்ளத்துல, சாக்கடையில போய்த் தேங்கும். காத்துல 1.4 சதவீதத்துல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் ஆவி கலந்திருந்தா ஒரு பொறி போதும். அந்தப் பொறி எவ்வளவு சின்னதா இருக்கலாம் தெரியுமா? சுமார் கால் மில்லிஜூல். கதவுக் கைப்பிடியைத் தொட்டா ‘சுருக்’னு அடிக்குமே, அது நம்ம விரலுக்குத் தெரியறதுக்கே இதைவிடப் பல மடங்கு வேணும். அதாவது உங்களுக்கு உறைக்காத பொறி கூட பெட்ரோல் ஆவிக்கு உறைக்கும்.

யார் சோதிக்கிறாங்க?

ஒரே ஆள் இல்ல. லைசென்ஸ் கொடுக்கிறது பெசோ, அதாவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. தலைமை அலுவலகம் நாக்பூர்ல. 1898-ல வெடிபொருள் துறையா ஆரம்பிச்சது. அவங்க கையில இருக்கிற சட்டப் புத்தகம் 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டமும், 2002-ம் வருஷத்துப் பெட்ரோலியம் விதிகளும். அப்புறம் எண்ணெய் கம்பெனியோட அதிகாரிகள் வருவாங்க. தீயணைப்புத் துறைக்கும் பங்கு இருக்கு. அளவு சரியா இருக்கான்னு பார்க்க எடையளவுக்காரங்க தனி.

இவ்வளவு பேர் வந்தாலும், வருஷத்துல பெரும்பாலான நாள் அங்க இருக்கிறது பங்க் ஊழியர்கள் மட்டும்தான். தினமும் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் அந்த ஆவிக்கு நடுவுல நிக்கிறவங்க. சோதனை சரியா நடந்துச்சா இல்லையான்னு முதல்ல உடம்புல தெரிஞ்சுக்கப் போறது அவங்கதான்.

பச்சை முள்

நம்ம தொழில்ல ஒரு வியாதி உண்டு. சர்வர் உயிரோட இருக்கான்னு கேட்டா ‘200 ஓகே’ன்னு பதில் வரும். டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. ஆனா பின்னாடி டேட்டாபேஸ் செத்துக் கிடக்கும். ஹெல்த் செக் பொய் சொல்லல. அதுகிட்ட கேட்ட கேள்வி அவ்வளவுதான்.

பங்க்ல இருக்கிற தீயணைப்பு சிலிண்டரும் அதே கதை. சிவப்பு சிலிண்டர், தலையில ஒரு சின்ன மீட்டர், முள் பச்சையில. அந்த முள் என்ன சொல்லுது? உள்ள வாயு அழுத்தம் இருக்குன்னு சொல்லுது. உள்ள இருக்கிற உலர் ரசாயனப் பவுடர் பொலபொலன்னு இருக்கா, இல்ல ஈரம் பட்டு கட்டி தட்டிப் போச்சான்னு அதுக்குத் தெரியாது. கடற்கரையில எங்க ஒரு சீல் லேசா விட்டாலும் ஈரம் உள்ள போகும். பவுடர் கட்டியாயிட்டா, லீவரை அழுத்தினா வாயு மட்டும் ‘புஸ்’னு போய் முடிஞ்சுடும். சில சிலிண்டர்ல மீட்டரே இருக்காது. உள்ள தனியா ஒரு குட்டி கார்பன் டை ஆக்சைடு குப்பி இருக்கும். அதைக் கழட்டி எடை போட்டாதான் வாயு இருக்கா இல்லையான்னு தெரியும். ஈரத் தரையில நிக்கிற சிலிண்டரோட அடிப்பாகம் வேற துருப்பிடிக்கும், அதைத் தூக்கிப் பார்த்தாதான் தெரியும்.

மணல் வாளியும் அப்படித்தான். அந்த வாளிக்கு அடிப்பாகம் ஏன் உருண்டையா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? கீழ வெச்சா நிக்காது. அதனால வேற வேலைக்கு யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. அடியில ஒரு கைப்பிடி இருக்கும், வீசறதுக்கு. ஆனா உள்ள மணல் உலர்ந்து இருக்கணும். உப்பு கலந்த மணல் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இறுகிடும். ஆக ‘வாளி இருக்கா, இருக்கு’ன்னு டிக் போடறது ஒரு சோதனை. கையை விட்டு மணலைக் கிளறிப் பார்க்கிறது இன்னொரு சோதனை. ரெண்டும் ஒண்ணில்ல.

எர்த்துக்கு உப்பு நல்லது, கம்பிக்கு உப்பு எமன்

எனக்கு இந்த எபிசோடு பண்ணணும்னு தோணினதே இந்த விஷயத்துக்காகத்தான்.

டேங்கர் லாரியிலிருந்து நிலத்தடி டேங்க்குக்குப் பெட்ரோல் இறக்கும்போது, குழாய்க்குள்ள ஓடுற பெட்ரோலே நிலைமின்சாரத்தை உண்டாக்கும். ‘மரக்காணத்துல காத்தே ஈரம், அங்க ஏது நிலைமின்சாரம்?’னு நீங்க கேட்கலாம். ஈரக் காத்து உங்க உடம்புல, சட்டையில சேர்ற மின்சாரத்தைக் குறைக்கும். மூடின குழாய்க்குள்ள நடக்கிறதை அது ஒண்ணும் பண்ணாது. அதனால ஹோஸை மாட்டறதுக்கு முன்னாடி எர்த் கிளிப்பை லாரியில மாட்டணும். எல்லாம் முடிஞ்சு ஹோஸைக் கழட்டின பிறகுதான் கிளிப்பை எடுக்கணும். அந்தக் கிளிப் கடிக்கிற இடத்துல பெயின்ட்டோ துருவோ இருந்தா, மாட்டியும் மாட்டாத மாதிரிதான்.

சரி, கிளிப்பிலிருந்து மின்சாரம் எங்க போகும்? எர்த் பிட்டுக்கு. வீடு கட்டும்போது பார்த்திருப்பீங்க. குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் போடுவாங்க. உப்பு ஈரத்தைப் பிடிச்சு வெச்சு, மண்ணை நல்ல கடத்தியா மாத்தும். மரக்காணம் மாதிரி இடத்துல அந்த உப்பைக் கொட்டவே வேண்டாம், மண்ணே உப்பு. மீட்டர் வெச்சுப் பார்த்தா ஓம் அளவு அழகா கம்மியா வரும். பெட்ரோலியம் விதிகள்படி டேங்க்கோட எர்த் எதிர்ப்பு 7 ஓமைத் தாண்டக்கூடாது. உப்பு மண்ணுல அந்தப் பரீட்சை ரொம்ப ஈஸி.

ஆனா அதே உப்புதான் அங்க புதைச்சிருக்கிற இரும்புப் பட்டையை அரிக்குது. துத்தநாகம் பூசின பட்டையா இருந்தாலும், முதல்ல பூச்சு போகும், அப்புறம் இரும்பு போகும். பட்டை பாதியாத் தேய்ஞ்சாலும் மீட்டர் காட்டாது, ஏன்னா மின்சாரத்துக்கு அந்தப் பாதியே தாராளம். முழுசா அறுந்து போகிற அன்னைக்குத்தான் எண் எகிறும். மெல்ல மெல்ல மோசமாகி, கடைசி நாள் வரைக்கும் ‘நல்லா இருக்கேன்’னு சொல்ற அளவு இது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. விதிப்படி டேங்க்குக்கு எர்த் இணைப்பு ஒண்ணு பத்தாது. எதிரெதிர் முனையில ரெண்டு வேணும். நல்ல ஏற்பாடுதான். ஆனா ரெண்டையும் கழட்டாம மொத்தமா அளந்தா, ஒண்ணு அறுந்திருந்தாலும் இன்னொண்ணு நல்ல எண்ணைக் காட்டிடும். ரெண்டு சர்வர்ல ஒண்ணு விழுந்தும் வெப்சைட் ஓடிட்டு இருக்கிற மாதிரி. அதனாலதான் எர்த் பிட்ல கழட்டி மாட்டற மாதிரி ஒரு இணைப்பு வெச்சிருப்பாங்க. ஒவ்வொரு பிட்டையும் தனியா பிரிச்சு அளக்கணும். கூடவே பிட் மூடியைத் திறந்து, போல்ட்டைச் சுரண்டி, பட்டையைக் கண்ணால பார்க்கணும்.

இந்தச் சோதனையை வருஷத்துக்கு ஒரு தடவையாவது தகுதியான ஆளை வெச்சுப் பண்ணணும்னு விதி சொல்லுது. ‘ஒரு தடவையாவது’ங்கிற வார்த்தையைக் கவனிங்க. அது குறைந்தபட்சம். தர்மபுரிக்கும் மரக்காணத்துக்கும் சட்டத்துல ஒரே அளவு, ஆனா துருவுக்கு ஒரே அளவு இல்ல. உப்புக் காத்துல மூணு மாசத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்தா யாரும் வேண்டாம்னு சொல்லப் போறதில்ல.

மேல ஒரு வலை, கீழ ஒரு வெள்ளம்

பங்க் ஓரத்துல உயரமா சில குழாய்கள் நிக்கும் பாருங்க. நிலத்தடி டேங்க் மூச்சு விடற குழாய் அது. தரையிலிருந்து குறைஞ்சது 4 மீட்டர் உயரம் இருக்கணும். வாயில ரெண்டு அடுக்கு மெல்லிய கம்பி வலை, அதுவும் அரிக்காத உலோகத்துல. ஒரு சென்டிமீட்டருக்கு 11 கண்ணுக்குக் குறையாம இருக்கணும்னு விதியே எண்ணிச் சொல்லுது. வெளிய தீப்பொறி வந்தாலும், வலை அந்தச் சூட்டை உறிஞ்சி, சுடர் உள்ள போகாம தடுத்துடும். 1815-ல ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளிகளுக்காகச் செஞ்ச விளக்கும் இதே தத்துவம்தான். வலையில ஓட்டை விழுந்தா தடுப்பு போச்சு. உப்பும் தூசியும் சேர்ந்து அடைச்சுக்கிட்டா, டேங்க்கால மூச்சு விட முடியாது. ரெண்டையும் கண்டுபிடிக்க ஏணி வெச்சு ஏறித்தான் ஆகணும். கீழ நின்னு பார்த்தா ‘குழாய் இருக்கு’ன்னு மட்டும்தான் தெரியும்.

இப்போ வெள்ளம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. திண்டிவனம் பக்கத்துல இருக்கிற மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மரக்காணமும் சேர்ந்த விழுப்புரம் மாவட்டமே தண்ணியில கிடந்தது. இப்படி நிலம் ஊறிப்போனா நிலத்தடி டேங்க் ஒரு படகு மாதிரி. 20,000 லிட்டர் டேங்க் காலியா இருந்தா, தண்ணி அதை ஏறக்குறைய 20 டன் விசையில மேல தள்ளும். பெட்ரோல் நிறைஞ்சிருந்தா உள்ளயே கிட்டத்தட்ட 15 டன் எடை இருக்கும். மீதியை டேங்க்கோட இரும்பும், மேல இருக்கிற மண்ணும் கான்கிரீட்டும் பார்த்துக்கும். அதனாலதான் வெள்ளம் வரும்னு தெரிஞ்சா டேங்க்கை நிரப்பி வைக்கச் சொல்றாங்க. டேங்க் கொஞ்சம் அசைஞ்சு ஒரு குழாய் விட்டாலும், பெட்ரோல் தண்ணி மேல மிதந்து, தண்ணி போற இடத்துக்கெல்லாம் போகும்.

அது எங்க கொண்டு போய் விடும்னு கானா நாட்டுத் தலைநகர் அக்ரா பார்த்தது. 2015 ஜூன் 3, கொட்டுற மழை, ஊரெல்லாம் வெள்ளம். நிறைய பேர் ஒரு பெட்ரோல் பங்க்ல ஒதுங்கி நின்னாங்க. வெள்ளத்துல எரிபொருள் கலந்து தீப்பிடிச்சது. 150 பேருக்கும் மேல இறந்தாங்க. மழைக்கு பங்க் கூரையில ஒதுங்கறது நமக்கும் பழக்கம்தானே.

நம்ம நாட்டுலயே 2009 அக்டோபர் 29, ஜெய்ப்பூர். பங்க் இல்ல, பெரிய எண்ணெய்க் கிடங்கு. பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கும் மேல கசிஞ்சு ஆவி மேகமாப் பரவி வெடிச்சது. பத்துப் பேருக்கும் மேல பலி, பத்து நாளுக்கும் மேல எரிஞ்சது. டேங்க் வால்வைக் கன்ட்ரோல் ரூம்லிருந்தே மூடற ஏற்பாடு முதல்ல இருந்தது. அன்னைக்கு அது வேலை செய்யற நிலையில இல்ல. கருவி ஒரு இடத்துல இருக்கிறது வேற, தேவைப்படற நிமிஷத்துல வேலை செய்யறது வேற.

அப்போ நல்ல சோதனைன்னா என்ன?

‘இருக்கா?’ன்னு கேட்காம ‘வேலை செய்யுதா?’ன்னு கேட்கிறது. அவசர நிறுத்த பட்டனை நிஜமாவே அழுத்தி, எல்லா பம்பும் நிக்குதான்னு பார்க்கிறது. சிலிண்டர்ல ஒண்ணை எடுத்து ஊழியர்கள் கையில கொடுத்து, ஒரு தட்டுல நெருப்பு வெச்சு அணைக்கச் சொல்றது. எர்த்தைப் பிரிச்சு அளக்கிறது, போன வருஷ எண்ணோட ஒப்பிடறது. இதுக்கெல்லாம் பெரிய செலவு இல்ல, அரை நாள் நேரம் போகும். அந்த அரை நாள்தான் முதல்ல வெட்டுப்படுது.

‘அண்ணே, மொபைல் பேசினா வெடிக்குமா?’ன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. பங்க்ல போன் வேண்டாம்ங்கிறது விதி, மதிச்சு நடப்போம். ஆனா அமெரிக்காவுல பங்க் தீ விபத்துகளைத் தொகுத்துப் பார்த்தப்போ அடிக்கடி வந்த காரணம் வேற. நாசிலை வண்டியில மாட்டிட்டு, சீட்ல போய் உட்கார்ந்து திரும்ப வந்து தொட்டவங்க உடம்புல சேர்ந்த நிலைமின்சாரம். நம்ம ஊர்ல ஊழியரே போடறதால அந்த ஆபத்து கம்மி. நாம கவனிக்க வேண்டியது வேற: இன்ஜினை அணைங்க, பைக்கிலிருந்து இறங்குங்க, கேன்ல வாங்கறதா இருந்தா வண்டி மேல வெச்சுப் பிடிக்காம தரையில வெச்சு நிரப்பச் சொல்லுங்க. டேங்கர் லோடு இறக்கிட்டு இருந்தா பத்து நிமிஷம் தள்ளி நில்லுங்க, இல்ல அடுத்த பங்க் போங்க.

பெட்ரோல் போடற ரெண்டு நிமிஷத்துல ஒண்ணு பாருங்க. சிலிண்டர்ல ஒரு சீட்டு தொங்கும். கடைசியா எப்போ சோதிச்சாங்க, அடுத்தது எப்போன்னு தேதி இருக்கும். தேதி தாண்டியிருந்தா மேனேஜர்கிட்ட மரியாதையா கேளுங்க. ஒவ்வொரு பங்க்லயும் புகார்ப் புத்தகம் உண்டு, அதுல எழுதலாம். உங்களுக்குப் பெட்ரோல் போடற அண்ணனால அந்தக் கேள்வியை முதலாளிகிட்ட கேட்க முடியாம இருக்கலாம். வாடிக்கையாளர் கேட்டா, அவருக்கும் சேர்த்துக் கேட்ட மாதிரி.

கடற்கரை ஊர்ல பங்க்ல வேலை பார்க்கிறவங்க, எர்த் டெஸ்டிங் பண்றவங்க யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா எழுதுங்க. உங்க ஊர்ல பட்டை எத்தனை வருஷம் தாங்குதுன்னு தெரிஞ்சுக்க ஆசை. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.