ஓசை அடங்கிய இரும்பு

ஒரகடம் கூட்டுரோட்டில் முதல் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் காலை ஐந்தரைக்கெல்லாம் வரிசை கட்டிவிடும். அந்த நேரத்தில் அங்கே நின்றால் டீசல் எஞ்சினின் சத்தம் தவிர வேறொன்றும் காதில் விழாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை இந்தச் சாலை முழுக்க எஞ்சின்தான் பிழைப்பு. கார், லாரி, மோட்டார் சைக்கிள், அவற்றுக்கான டயர், கண்ணாடி என்று எதையாவது செய்யாத ஊர் இங்கே குறைவு.

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்துவிட்டு, லாரி உதிரிப்பாகம் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறான். 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் ஐ.என்.எஸ். வாக்‌ஷீர் கடற்படையில் சேர்ந்த செய்தியைப் போனில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "அண்ணா, இதுலயும் டீசல் எஞ்சின்னுதான் போட்டிருக்கான். தண்ணிக்கு அடியில காத்து ஏது? அப்புறம் டீசல் எப்படி எரியும்?"

சரியான கேள்வி. டீசல்-மின் நீர்மூழ்கியின் முழுக் கதையும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பதில் ஒரே சொல்தான்: எரியாது. நீருக்கடியில் அது டீசல் வண்டியே அல்ல, பேட்டரி வண்டி. நீர்மட்டத்துக்கு அருகே வந்து காற்றை உறிஞ்சும்போது டீசல் எஞ்சின் ஓடும். அந்த எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும், ஜெனரேட்டர் பேட்டரியை நிரப்பும். சுழலியைச் சுற்றுவது எப்போதும் மின்மோட்டார்தான். எஞ்சின் சக்கரத்தைத் தொடாமல் மின்சாரம் மட்டும் தயாரிக்கும் ஹைப்ரிட் கார்களும் இதே ஏற்பாட்டில் ஓடுகின்றன. தொழிற்சாலைச் சாலையில் வளர்ந்த பையனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வாக்‌ஷீர், ஸ்கார்பீன் என்னும் வகையைச் சேர்ந்தது. பாறையோடு பாறையாக அசையாமல் கிடக்கும், முள்ளில் நஞ்சு கொண்ட மீனின் பெயர் அது. இதை வடிவமைத்த பிரான்ஸின் கடற்படையில் ஒரு ஸ்கார்பீன்கூடக் கிடையாது. அவர்களுடைய நீர்மூழ்கிகள் அத்தனையும் அணுசக்தியில் ஓடுபவை. ஸ்கார்பீன் பிற நாடுகளுக்கு விற்பதற்கென்றே பிறந்தது. 1997இல் முதலில் வாங்க முன்வந்தது சிலி. பிறகு மலேசியா, இந்தியா, பிரேசில், அண்மையில் இந்தோனேசியா. 2009இல் மலேசியா சேர்த்துக்கொண்ட இரண்டும் முதல் இரு பிரதமர்களான துங்கு அப்துல் ரஹ்மான், துன் ரசாக் ஆகியோரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

இந்தியாவில் இதே கப்பலுக்குக் கல்வாரி வகை என்று பெயர். மலையாளக் கரையில் புலிச்சுறாவைக் குறிக்கும் சொல் அது. நாட்டின் முதல் நீர்மூழ்கி 1967 டிசம்பர் 8 அன்று கடற்படையில் சேர்ந்தபோது சூட்டிய பெயரும் அதுவே. சோவியத் நாட்டிலிருந்து வாங்கிய அந்தப் பழைய கல்வாரி 1996இல் ஓய்வு பெற்றது. இன்றைய கல்வாரி மும்பை மசகான் கப்பல்கட்டும் தளத்தில் உருவாகி 2017 டிசம்பர் 14 அன்று சேர்ந்தது. அடுத்து காந்தேரி, கரஞ்ச், வேலா, வாகீர் வந்தன. ஆறாவதும் கடைசியும் வாக்‌ஷீர்.

கல்வாரியின் நீளம் 67.5 மீட்டர், உயரம் 12.3 மீட்டர். உள்ளே வாழ்பவர்கள் ஏறத்தாழ 43 பேர். அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் உருளைக்குள் 60 கிலோமீட்டர் நீளக் கேபிளும் 11 கிலோமீட்டர் நீளக் குழாயும் ஓடுகின்றன. பேட்டரி செல்கள் 360. ஒவ்வொன்றும் 750 கிலோ. பெருக்கிப் பார்த்தால் 270 டன் வருகிறது. கப்பலின் மொத்த எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பேட்டரி மட்டும்!

இந்த செல்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிப் போட்டோமே, இன்வெர்ட்டர் பேட்டரி, அதே ஈயமும் அமிலமும்தான். சார்ஜ் ஏறும்போது அந்தப் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால்தான் அதைக் காற்றோட்டமான மூலையில் வைக்கச் சொல்வார்கள். மூடிய இரும்பு உருளைக்குள் 270 டன் பேட்டரிக்கு எந்த மூலையைத் தேடுவது? அந்த வாயுவை அளந்துகொண்டே இருப்பதும், சேரவிடாமல் வெளியேற்றுவதும் அங்கே மூச்சு விடுவதற்கு ஒப்பான வேலை. ஒரு பொறி போதும்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கப்பலின் வேகம் முடிவு செய்கிறது. நீரைக் கிழித்துப் போகும் எதற்கும் வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் (பவர்) வேண்டும். நடைவேகத்தில் ஊர்ந்தால் நாள்கணக்கில் தாங்கும் பேட்டரி, முழு வேகமான மணிக்கு 37 கிலோமீட்டரில் விரட்டினால் சில மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும். ஆகவே நீர்மூழ்கியின் தலைவர் துரத்துகிறவராக இருப்பதைவிடக் காத்திருப்பவராக இருப்பதே அதிகம். எந்த வழியாக எதிரி வருவான் என்று கணித்து, அங்கே முன்கூட்டியே போய், மெல்ல மிதந்தபடி காது கொடுத்துக்கொண்டிருப்பார். கொக்கின் பொறுமை வேண்டிய தொழில்.

பேட்டரி இறங்கியதும் மேலே வந்தாக வேண்டும். முழு உடலையும் காட்டத் தேவையில்லை. ஸ்நார்கெல் என்னும் குழாயின் தலையை மட்டும் அலைக்கு மேலே நீட்டினால் போதும். ஆனாலும் ஆபத்தான வேளை அதுதான். குழாயின் தலை ரேடாரில் சிக்கலாம், புகையின் வெப்பம் காட்டிக் கொடுக்கலாம், எஞ்சின் ஓசை நீரில் நெடுந்தொலைவு பரவும். காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஓசை, கடலில் நொடிக்கு 1,500 மீட்டர் பாய்கிறது.

ஓசை என்பது கடலில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் கடற்படை கொடுத்த விலை ஒன்று உண்டு. 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கடிக்கப்பட்டது. நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்கென்றே அனுப்பப்பட்ட கப்பல் அது. அதை வீழ்த்தியது பாகிஸ்தானின் ஹங்கோர் என்னும் டீசல்-மின் நீர்மூழ்கி. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கப்பலை விட்டு இறங்காமல் அதனோடு போனவர் கேப்டன் மகேந்திர நாத் முல்லா. ஹங்கோர் டாஃப்னே வகையைச் சேர்ந்தது. பிரான்ஸ் பிற நாடுகளுக்கு விற்ற முந்தைய தலைமுறைக் கப்பல். கல்வாரிக்கு மூத்த உறவு என்று சொல்லலாம். அந்த உறவை நினைக்காமல் என்னால் கல்வாரியின் படத்தைப் பார்க்க முடிவதில்லை.

நீர்மூழ்கியைச் சத்தமில்லாமல் ஆக்குவது எப்படி? லாரி எஞ்சினை சேசிஸில் நேராக முடுக்காமல் நடுவே ரப்பர் மவுண்டிங் வைப்பதை இந்தச் சாலையில் அறியாத ஆள் இல்லை. நீர்மூழ்கியில் அந்த யோசனையை முடிந்த மட்டும் நீட்டுகிறார்கள். எஞ்சின், பம்ப், விசிறி என்று அதிரும் எதுவும் உடலோடு நேராகத் தொடுவதில்லை. தனித் தொட்டில் போன்ற மேடையில் இயந்திரத்தை வைத்து, அந்த மேடையையும் ரப்பர் மெத்தையில் தாங்க விடுகிறார்கள். மோட்டார் நிரந்தரக் காந்த வகை. சுழலியின் இலைகளை வாள்போல் வளைத்திருப்பது, நீர்க்குமிழிகள் தோன்றி வெடிக்கும் இரைச்சலைக் குறைப்பதற்காக. இத்தனைக்கும் பிறகு உள்ளே ஒருவர் ஸ்பானரைக் கீழே போட்டால் அதுவும் வெளியே கேட்கும். ஒரு குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பைக் கட்டுகிறவர் சரியாகக் கட்டவில்லை என்றால் அந்த அதிர்வு முப்பது ஆண்டுகளுக்குக் கப்பலோடு போகும். அமைதி என்பது வரைபடத்திலிருந்து தானாக இறங்கி வருவதில்லை. ஒவ்வொரு நட்டிலும் கையால் முடுக்கி உண்டாக்க வேண்டியிருக்கிறது.

பேசவும் முடியாது அந்தக் கப்பலால். சாதாரண ரேடியோ அலை உப்பு நீருக்குள் இறங்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் மட்டும் சில மீட்டர் ஆழம் நுழையும். அப்படிப்பட்ட அலைகளை அனுப்பும் கோபுரங்கள் நம் திருநெல்வேலிப் பக்கம், விஜயநாராயணத்தில் நிற்கின்றன. 1990இல் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்த அந்தக் கடற்படை நிலையத்தின் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். செம்மண் காட்டில் நிற்கும் கோபுரம், கடலுக்கடியில் கிடப்பவனுக்குச் சேதி சொல்கிறது. அவன் கேட்டுக்கொள்வான். பதில் சொல்லமாட்டான்.

இனி என் வெல்டர் தம்பிக்குக் கண் விரிந்த பகுதி. கல்வாரி 300 மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியது. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு காற்றுமண்டல அழுத்தம் கூடுகிறது. 300 மீட்டரில் ஒரு சதுர மீட்டர் தகட்டின்மேல் ஏறத்தாழ 300 டன். ஜல்லி ஏற்றிய பத்து டிப்பர்களை அந்த ஒரு சதுர மீட்டரில் அடுக்கியது போல. தாங்குவதற்கு வட்டத்தை நம்புகிறார்கள். உறைகிணற்றை வட்டமாக இறக்கியவர்கள் இதை அன்றே அறிந்திருந்தார்கள். சுற்றிலும் சமமாக நெருக்கும் சுமையை வட்டம் தன் உடலெங்கும் பகிர்ந்துகொள்ளும். ஆனால் வட்டம் எங்காவது சற்றே நசுங்கியிருந்தால் பகிர்வு கெட்டு, சுமை அந்த இடத்தில் குவியும். ஆறு மீட்டர் விட்டமுள்ள வளையத்தை அந்தத் துல்லியத்தில் வளைத்து, பற்றவைத்த சூட்டில் அது கோணாமல் காக்க வேண்டும்.

எஃகும் சாதாரண எஃகு அல்ல, மிக உயர்ந்த வலிமை கொண்டது. அத்தகைய எஃகுக்கு ஈரம் எமன். வெல்டிங் ராடின் பூச்சில் ஒட்டியிருக்கும் சிறு ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் புகுந்து, பற்று ஆறிய பிறகு, சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூட, உள்ளே மயிரிழை விரிசலை உண்டாக்கும். வெளியே பார்த்தால் தையல் அழகாக இருக்கும். ஆகவே தகட்டை முன்கூட்டியே சூடேற்றி, ராடை ஓவனில் உலர்த்தி, சூடு இறங்கும் முன் கையாண்டு, பிறகு காத்திருந்து எக்ஸ்ரேயாலும் மீயொலியாலும் தையல் முழுவதையும் சோதிக்கிறார்கள். "7018 ராடை ஓவன்லேர்ந்து எடுத்து வெளியே வெச்சா எங்க சூப்பர்வைசர் கத்துவாரு, இதுக்குத்தானா?" என்றான். இதற்குத்தான்.

இந்தக் கைத்திறனை ஒரு முறை பெற்று, ஒரு முறை தொலைத்த நாடு நம்முடையது. 1981இல் ஜெர்மனியோடு ஒப்பந்தம் செய்து, இரண்டு நீர்மூழ்கிகளை அங்கே கட்டி வாங்கி, இரண்டை மசகானில் நாமே கட்டினோம். 1992இல் சேர்ந்த ஐ.என்.எஸ். ஷால்கி இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீர்மூழ்கி. 1994இல் ஷங்குல். அதன்பின் ஊழல் குற்றச்சாட்டின் நிழலில் தொடர்ச்சி அறுந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் கட்ட நீர்மூழ்கி இல்லை. பயிற்சி பெற்ற வெல்டர்கள் வயதாகி ஓய்வு பெற்றார்கள், வேறு வேலைக்குப் போனார்கள். 2005 அக்டோபரில் ஸ்கார்பீன் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அகரத்திலிருந்து மறுபடி கற்க வேண்டியிருந்தது. முதல் கப்பல் 2012இல் வந்திருக்க வேண்டும். ஐந்து துண்டுகளாகக் கட்டிய கல்வாரியின் உடலை ஒன்றாகப் பற்றவைத்து முடித்ததே 2014 ஜூலையில். சேர்ந்தது 2017இல். தாமதத்துக்குக் கருவிகள் வாங்குவதில் ஏற்பட்ட இழுபறியும் காரணம்தான். எனக்கு உறுத்துவது என்னவோ அந்தப் பத்தாண்டு வெறுமைதான். எந்திரத்தைப் பூட்டி வைத்துப் பிறகு திறக்கலாம், விரல்களைப் பூட்டி வைக்க முடியாது.

தமிழ்நாட்டைப் பாதுகாப்புத் தளவாடத் தொழில் தடமாக 2019 ஜனவரியில் அறிவித்துத் தொடங்கியபோது சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என ஐந்து முனைகள் குறிக்கப்பட்டன. ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் சிப்காட் விண்வெளித் தொழில் பூங்கா அமைத்தது. நீர்மூழ்கி இங்கே கட்டப்படுவதில்லை, கடலும் தொலைவு. ஆனால் ரப்பர் மவுண்டிங், பம்ப், வால்வு, ராடு பிடிக்கும் கை எல்லாம் இங்கே நிறைய. நிமிடக் கணக்கில் கார் இறங்கும் சாலை இது. பத்தாண்டில் ஆறு மட்டும் இறங்கும் பொருளுக்கு இந்தக் கைகளைப் பழக்குவது வேறு வகைப் பொறுமை கேட்கும். கேட்கத் தகுந்த பொறுமை என்றே நினைக்கிறேன்.

நீர்மூழ்கிக்குள் ஒரு முறை போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் விசாகப்பட்டினம் கடற்கரைக்குப் போகலாம். 2001இல் ஓய்வு பெற்ற ஐ.என்.எஸ். குர்சுரா அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. மாமல்லபுரத்திலும் அப்படி ஒன்று அமைய இருந்தது. 2010இல் ஓய்வு பெற்ற வாக்லியைச் சென்னைத் துறைமுகம் வரை கொண்டுவந்தும் அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. நம் பிள்ளைகள் இழந்தது பெரிது.

தம்பியின் முதல் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. காற்றே இல்லாமல் நீருக்கடியில் மின்சாரம் செய்ய முடிந்தால் மேலே வரும் ஆபத்து குறையுமே? அதற்கான எரிபொருள் மின்கலத்தை அம்பர்நாத்தில் உள்ள நம் கடற்படைப் பொருட்கள் ஆய்வகம் உருவாக்கியிருக்கிறது. ஹைட்ரஜனை உருளைகளில் சுமக்காமல் கப்பலுக்குள்ளேயே தேவைக்கேற்ப உண்டாக்கி, ஆக்சிஜனோடு சேர்த்து மின்சாரம் எடுக்கும் அமைப்பு அது. 2021 மார்ச்சில் தரையில் ஓட்டிக் காட்டினார்கள். 2024 டிசம்பரில் மசகானோடு சுமார் 1,990 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. கப்பல்களைக் கட்டும்போதே வைத்திருக்க வேண்டியது, அப்போது தயாராகவில்லை.

அதனால் கடலில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கார்பீன் ஒன்றைக் கரைக்கு இழுத்து, இத்தனை கவனத்தோடு பற்றவைத்த உடலைக் குறுக்கே இரண்டாக வெட்டி, நடுவே புதிய துண்டு ஒன்றைச் செருகி, இரு பக்கமும் மறுபடி பற்றவைக்க வேண்டும். இதைச் சொன்னதும் தம்பி சிறிது நேரம் பேசவில்லை. "ரெண்டு முழு வட்டம்" என்றான் கடைசியில். "ஒரு சுத்து எத்தனை மீட்டர் வரும்ணா?" ஏறத்தாழ பத்தொன்பது என்றேன். பஸ் ஹார்ன் அடித்தது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடினான்.