கொரியாவின் எள் உப்பு

கொரியாவில் காய்கறிக்கும் சோற்றுக்கும் தூவுகிற பொடி ஒன்று உண்டு. பெயர் கேசோகும். 'கே' என்றால் எள், 'சோகும்' என்றால் உப்பு. அவ்வளவுதான் சாமான்!

5 ஸ்பூன் வெள்ளை எள்ளுக்கு அரை ஸ்பூன் உப்பு போதும். வெறும் வாணலியில் சிறு தீயில் எள்ளை வறுக்கணும். படபடவென்று வெடித்து, விரலால் நசுக்கினால் உடைகிற பதத்தில் இறக்கி ஆறவிட்டு, உப்பு சேர்த்து உரலில் இடிக்கணும். பாதி உடைந்தால் போதும். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். மிக்ஸியில் ஓடவிட்டால் பொடி விழுதாகிவிடும். ஆகவே எங்களைப்போல மிக்ஸி இல்லாத வீடுகளுக்கு இது ஒரு குறையே இல்லை! உடைந்த எள் காற்றுபட்டுச் சீக்கிரம் காறிப்போகும். கொஞ்சமாக இடித்து மூடி வையுங்கள்.

அவித்துப் பிழிந்த பசலைக்கீரையில் சோயா சாஸ், பூண்டு, எள்ளெண்ணெயோடு இதையும் போட்டுப் பிசைகிறார்கள். நம்ம ஊரில் எள் என்றாலே திதி ஞாபகம் வரும். அங்கேயோ புதுமணத் தம்பதி சந்தோஷமாக இருந்தால் 'எள் கொட்டுகிறது' என்பார்களாம்.